வெள்ளிக்கிழமை நிறை

டொக்டர் அம்மா ஒரு தாளை எடுத்துக் குடலை வரைந்தார். வளைந்து வளைந்து போகும் இரண்டு கோடுகள். ஓரிடத்தில் மட்டும் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கின. அந்த இடத்தைப் பேனாவால் இரண்டு தரம் தட்டினார்.

"இதில வீக்கம். அதால ஒடுங்கிப்போய்க் கிடக்கு. சாப்பாடு இதைத் தாண்டக் கஷ்டப்படுகுது. அதுதான் பிள்ளைக்கு நோவும் வயிற்றோட்டமும்."

யோகநாதன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவர் அவர். அவருக்கு அது வாய்க்காலாகத்தான் தெரிந்தது.

"தூரெடுக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

டொக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மருந்துதான் தூரெடுக்கும். மூன்று மாதம் பாப்பம். மலர் இப்ப இருபத்தொரு கிலோ. பத்து வயதுக்கு இது காணாது. வைகாசியில கிளினிக்குக்கு வரேக்கை இருபத்திநாலு கிலோவாவது இருக்கவேணும். இருந்தால் மருந்து வேலை செய்யுது."

"இல்லாட்டி?"

"ஒடுங்கின துண்டை வெட்டி எடுத்துப்போட்டு இரண்டு நுனியையும் பொருத்தவேணும்."

யோகநாதனுக்குப் பின்னால் நின்ற இரஞ்சிதம் கணவரின் சேட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே வாங்கில் இருந்த மலர் கால்களை ஆட்டிக்கொண்டு, போகிற வருகிற தாதிமாரின் சப்பாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னொன்று," என்றார் டொக்டர் அம்மா. "இந்த வெள்ளைக் குளிசை முகத்தை உப்பப்பண்ணும். கன்னம் வந்திட்டுது எண்டு சந்தோஷப்படாதையுங்கோ. கன்னம் கணக்கில்லை. தராசு சொல்லுறதுதான் கணக்கு."

யோகநாதன் தலையாட்டினார். தராசு அவருக்கு விளங்கும். நோயின் பெயர்தான் வாயில் நிற்கவில்லை. எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். குரோன்ஸ்.

ஊருக்கு வந்ததும் முதலில் விசாரித்தவள் பக்கத்து வளவு மீனம்மா.

"பிள்ளைக்கு என்ன வருத்தமாம்?"

யோகநாதன் உறையைப் பார்த்து வாசித்தார்.

"அது என்ன, ஆளின்ரை பேர் மாதிரிக் கிடக்கு."

"ஆளின்ரை பேர்தான். வருத்தத்தைக் கண்டுபிடிச்ச டொக்டராம்."

மீனம்மா உறையை எட்டிப் பார்த்தாள். "பேரை வைக்கிற நேரத்துக்கு மருந்தையும் கண்டுபிடிச்சிருக்கலாம் அந்தாள்," என்றாள். பிறகு வீட்டுக்குப் போய் ஆறு முட்டை கொண்டுவந்து தந்தாள்.

தவிடு கூடாது, விதை கூடாது, பச்சையாக எதுவும் கூடாது, உறைப்புக் கூடாது என்று டொக்டர் அம்மா சொல்லியிருந்தார். யோகநாதன் விதைப்பது மொட்டைக்கறுப்பன். குத்தினால் சிவப்பரிசி. அந்த வீட்டில் வெள்ளைச் சோறு வெந்ததே இல்லை. கடை அரிசியை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. தன் நெல்லை மூட்டையாகக் கட்டி மில்லுக்குக் கொண்டுபோய், மூன்று தரம் தீட்டித் தரச் சொன்னார்.

"நெல்லின்ரை எலும்பையோ கேக்கிறாய்?" என்றான் மில்காரன்.

"ஓம். எலும்புதான் வேணும்."

தவிடு முழுவதும் பசுவுக்குப் போனது. வீட்டில் முதலில் நிறை கூடியது அதற்குத்தான்.

இரஞ்சிதம் வெள்ளைச் சோற்றைக் குழைய வேகவைத்தாள். குளத்து மீனை அவித்து, முள்ளெடுத்து, விரலால் இரண்டாம் முறையும் தடவிப் பார்த்தாள். தேங்காய்ப் பாலில் உப்பு மட்டும் போட்டுச் சொதி வைத்தாள். பூசணிக்காயை விதையும் தோலும் நீக்கி மசித்தாள். மலர் முதல் நாள் அதையெல்லாம் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே நிறமாக் கிடக்கு," என்றாள்.

"பூசணிக்காய் மஞ்சள்."

"அது ஒன்றுதான்."

பிள்ளை தனியாக வெள்ளைச் சாப்பாடு சாப்பிடக்கூடாது என்று யோகநாதன் முடிவுசெய்தார். அவரும் அதையே சாப்பிட்டார். மேட்டுக்காணியில் மிளகாய் செய்கிற மனிதர், மிளகாயைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் மத்தியானம் மாட்டுக்கொட்டிலுக்குள் நின்று, பொரித்த செத்தல் மிளகாய் ஒன்றைக் கடித்தார். திரும்பிப் பார்த்தால் வாசலில் மலர் நின்றாள்.

"அப்பா, நீங்கள் எனக்கு முன்னாலயே சாப்பிடலாம்."

"இல்லை பிள்ளை, சும்மா ஒன்று..."

"நான் கோவிக்கமாட்டன். ஆனால் உறைப்பு எப்பிடி எண்டு சொல்லவேணும்."

அன்று தொடங்கியது அந்த வழக்கம். மத்தியானச் சாப்பாட்டில் அவர் மிளகாயைக் கடிப்பார். மலர் கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பாள். "முதல்ல ஒன்றும் தெரியாது. பிறகு நாக்கின்ரை ஓரத்தில ஒரு எறும்பு. இப்ப பத்து எறும்பு. இப்ப காது." காது என்றதும் மலர் சிரித்து ஒரு கரண்டி சோற்றை விழுங்குவாள். ஒரு மிளகாய்க்கு நாலு கரண்டி வரை போனது. இரஞ்சிதம் பொரிக்கும் மிளகாயின் எண்ணிக்கையைக் கூட்டினாள். யோகநாதனுக்கு வயிறு எரிந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

குளிசை தொடங்கிப் பத்தாம் நாள் காலையில், படலையடியில் விறகு பிளந்துகொண்டிருந்தவருக்குக் குரல் கேட்டது.

"அம்மா, பசிக்குது."

அந்தச் சொல் அந்த வீட்டில் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. யோகநாதன் கோடரியைப் போட்டுவிட்டுக் குசினிக்கு ஓடினார். கிணற்றடியிலிருந்து இரஞ்சிதமும் ஓடிவந்தாள். குசினி வாசலில் இருவரும் மோதிக்கொண்டார்கள். மலர் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

"ஒன்றுமில்லை. திரும்பச் சொல்லு," என்றாள் இரஞ்சிதம்.

கக்கூஸ் வளவின் கோடியில் இருந்தது. நோவு வந்தால் அவ்வளவு தூரம் ஓட மலருக்கு நேரம் இருக்காது. யோகநாதன் வீட்டுக்குப் பக்கத்திலேயே புதுக்குழி வெட்டினார். சுற்றிக் களிமண் சுவர் வைத்தார். எப்படி இருக்கவேண்டும் என்று மலரையே கேட்டார். உள்ளே கொண்டி வேண்டும் என்றாள். இருந்தபடி வயலைப் பார்க்க ஒரு சின்ன யன்னலும் வேண்டும் என்றாள். இரண்டையும் வைத்துக் கொடுத்தார். தண்ணீர் முறை வந்து வாய்க்கால் திறந்தால் வீட்டில் முதலில் தெரிவது அவளுக்குத்தான். "அப்பா, தண்ணி வந்திட்டுது," என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பள்ளிக்கூடத்திலும் மலருக்கு அடிக்கடி கக்கூஸுக்குப் போகவேண்டிவரும் என்று போய்ச் சொல்ல யோகநாதனுக்குக் கூச்சமாக இருந்தது. விமலேஸ்வரி ரீச்சருக்கு முன்னால் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். வயல், மழை, சிறுபோகம் எல்லாம் கதைத்தார். ரீச்சரே கடைசியில், "மலர் என்ரை மேசையில தன்ரை அழிறப்பரை வைச்சிட்டுப் போகட்டும். கேக்கத் தேவையில்லை. திரும்பி வந்தாப் பிறகு எடுக்கட்டும்," என்றார். அதற்குமேல் யாரும் எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

மிச்சம் இருந்தது நிறை மட்டும். இருபத்திநாலு.

அந்த ஊரில் ஆளை நிறுக்கக்கூடிய தராசு ஒன்றுதான் இருந்தது. அது கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் நெல் நிறுக்கும் தராசு. இரும்புத் தட்டு, அதன் தலைமாட்டில் ஒரு தூண், தூணின் உச்சியில் எண் பதித்த கம்பி. எண்கள் நிறுக்கிறவரின் பக்கம். எதிரில் நிற்கிறவர்களுக்குக் கம்பியின் முதுகுதான் தெரியும். ஆகவே ஊர் கம்பியைப் பார்ப்பதில்லை. ஆண்டியப்பனின் வாயைப் பார்க்கும்.

ஆண்டியப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் குடும்பத்தோடு மலைநாட்டிலிருந்து வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருபது வருஷம் தராசு பிடித்த கை. இங்கே வந்து மூன்று வருஷமாக நெல் நிறுக்கிறார். சாக்கின் வாயைத் திறந்து முழங்கை வரை கையை விடுவார். நெல் ஈரமென்று கை சொன்னால், கம்பி காட்டுவதில் இரண்டு கிலோ குறைத்து வாய் சொல்லும். ஈரக்கழிவு. அது சங்கத்தின் விதி. எழுதிக்கொண்டிருப்பவர் அந்த எண்ணை எழுதுவார். யோகநாதன் ஒவ்வொரு போகமும் இதற்காக அவரோடு வாதாடுவார்.

"இது ஈரமில்லை அண்ணை. நெல்லின்ரை குளிர்."

"கை பொய் சொல்லாதுங்கய்யா."

"உங்கட கை வியர்த்திருக்கு."

"என் வேர்வைக்கும் சேத்துக் கழிக்கலைங்க. சந்தோஷப்படுங்க."

வாதம் முடிந்ததும் இருவரும் ஒரே பீடித் தீயில் பற்றவைத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் லொறி வராது. நெல் எடுப்பதில்லை. தராசு சும்மா நிற்கும். மலர் வெள்ளிக்கிழமைதான் முழுகுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாய்க்காலில் தலைமுழுகி, ஈரத்தலையைப் பின்னிக்கொண்டு அப்பாவின் சைக்கிள் பாரில் ஏறுவாள். பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில் களஞ்சியம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரண்டு வாரம் நெல் மூட்டைகள் தராசைச் சுற்றி அடுக்கியிருந்தன. மூன்றாவது வெள்ளிதான் வழி கிடைத்தது. ஆண்டியப்பன் தட்டைத் தன் தோள் துண்டால் துடைத்தார்.

"ஏறு பாப்பா. தூணப் புடிச்சுக்காத. கைய விட்டுட்டு நில்லு."

மலர் நின்றாள். ஆண்டியப்பன் அவளுடைய பின்னலின் நுனியை இரண்டு விரலால் தொட்டார். கம்பியில் குண்டை நகர்த்தினார். கம்பி ஆடி நின்றது.

"இருபது."

யோகநாதனின் முகம் வாடியது. "ஆஸ்பத்திரியில இருபத்தொண்டெல்லோ."

"அது ரெண்டு வாரத்துக்கு முந்திங்கய்யா. இனிமே ஏறும்."

ஏறவில்லை. அல்லது மிக மெல்ல ஏறியது. யோகநாதன் ஒவ்வொரு எண்ணையும் சுவர் நாட்காட்டியில் அந்தந்த வெள்ளிக்குக் கீழே எழுதினார். இருபதரை. மறுபடி இருபதரை. இருபத்தொன்று. பங்குனியில் இரண்டு நாள் நோவு வந்து மலர் பாயில் சுருண்டு கிடந்தாள். அந்த வெள்ளி மீண்டும் இருபதரை. பிறகு இருபத்தொன்றரை.

நாட்காட்டியைப் பார்க்காதவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"பிள்ளைக்குக் கன்னம் வந்திட்டுது," என்றாள் மீனம்மா.

"கன்னம் கணக்கில்லை," என்றார் யோகநாதன்.

"கன்னம் கணக்கில்லாட்டி வேற என்னத்தைத்தான் கணக்கெடுக்கிறது?"

இரஞ்சிதமும் மீனம்மாவின் பக்கம்தான். சித்திரை வருஷத்துக்குத் தைத்த சட்டை இடுப்பில் இறுகியது. அவள் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டாள். அதைக் கணவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"இதுக்கு என்ன சொல்லுறியள்?"

"குளிசை உப்பப்பண்ணுமாம்."

"முகத்தைத்தானே சொன்னவா. கால்? காலும் குளிசையோ? நான் தூக்கிப் பாத்தனான். என்ரை இடுப்புக்குத் தெரியும். உங்கட தராசைக் கொண்டுபோய் வாய்க்காலில போடுங்கோ."

"டொக்டர் அம்மா உன்ரை இடுப்பைக் கேக்கமாட்டா, இரஞ்சிதம். தராசைத்தான் கேப்பா."

வைகாசி பிறந்தது. கிளினிக்குக்கு முந்திய வெள்ளியும் வந்தது. மலர் ஈரப் பின்னலோடு தட்டில் ஏறினாள். ஆண்டியப்பன் நுனியைத் தொட்டார், குண்டை நகர்த்தினார், நெடுநேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டரைங்க," என்றார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ஒன்றரைக் கிலோ காணாது. யோகநாதன் மகளைப் பாரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. திரும்பும்போது மலர் கேட்டாள்.

"அப்பா, வெட்டினால் என்ரை வாய்க்கால் கட்டையாப் போகுமோ?"

"கொஞ்சம்தான். இருக்கிறது போதும் எண்டு டொக்டர் அம்மா சொன்னவா."

"நோகுமோ?"

"நித்திரையாக்கிப்போட்டுத்தான் செய்வினம். நான் வாசலில நிப்பன்."

"மிளகாய் கொண்டுவாங்கோ. முழிச்ச உடன எறும்பு சொல்லவேணும்."

யோகநாதன் பெடலை மிதித்தார். முகத்தில் காற்று பட்டது நல்லதாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை விடியப் பரந்தனுக்குப் போய்ப் பஸ் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாட்டில் மறித்து வைத்துக்கொள்வார்கள் என்று இரஞ்சிதம் பெரிய பையொன்று கட்டியிருந்தாள். தலையணை, போர்வை, இரண்டு சட்டை, தட்டு, தம்ளர். யோகநாதனின் சேட்டுப் பையில் தாளில் சுற்றிய செத்தல் மிளகாய் மூன்று. பஸ்ஸில் மலர் இரண்டு தரம் பசிக்குது என்றாள். சுண்டிக்குளிக்கு வருமுன் நான்கு வாழைப்பழம் முடிந்தது.

கிளினிக்கில் தராசுக்குப் பக்கத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட தாதி ஒருவர் இருந்தார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறும்."

மலர் ஏறினாள். தாதி முள்ளைப் பார்த்தார்.

"இருபத்திநாலரை," என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

யோகநாதன் ஒரு அடி முன்னால் வந்தார். "மிசி, பிழைச்சுப்போச்சு. திரும்ப ஒருக்கால் பாருங்கோ."

"என்ன பிழை?"

"பிள்ளை இருபத்திரண்டரை. வெள்ளிக்கிழமை நிறுத்தனாங்கள்."

"ஐயா, வீட்டுக்காரர் எல்லாரும் கூட்டிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். குறைச்சுச் சொல்லுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்." தாதி மலரை இறக்கி, தராசைத் தட்டிச் சரிபார்த்து, மறுபடி ஏற்றினார். "இருபத்திநாலரை. வேணுமெண்டால் நீங்களே குனிஞ்சு பாருங்கோ."

யோகநாதன் குனிந்து பார்த்தார். முள் இருபத்திநாலுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் நின்றது.

அப்போது மலர் தட்டில் நின்றபடியே தாதியைக் கேட்டாள். "மிசி, கழிவு கழிக்கேல்லையோ?"

"என்ன கழிவு?"

"ஈரக்கழிவு. ஆண்டியப்பன் மாமா என்ரை தலைமயிருக்கு இரண்டு கிலோ கழிக்கிறவர். இண்டைக்கு முழுகேல்லை. அதாலதான் கழிக்கேல்லையாக்கும்."

யோகநாதன் மகளையே பார்த்தார். இரண்டு விரல்கள் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பின்னலின் நுனியைத் தொட்டது நினைவுக்கு வந்தது. அதை அவர் அன்பு என்று நினைத்திருந்தார். அன்பும்தான். அதோடு இரண்டு கிலோவும்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கம்பியை எட்டிப் பாத்தால் எழுத்துத் தலைகீழாத் தெரியும். போன வெள்ளி இருபத்திநாலரையில நிண்டது. அவர் இருபத்திரண்டரை எண்டார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மலருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். எல்லாருக்கும் கழிக்கிறதுதானே. அதுக்குத்தானே நீங்கள் அவரோட ஒவ்வொரு போகமும் சண்டை பிடிக்கிறனீங்கள்."

முதலில் சிரித்தது இரஞ்சிதம். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. தலையணைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டாள். சிரிப்பு இடையில் அழுகையாகிப் பிறகு மறுபடி சிரிப்பானது. "நான் சொன்னனான். என்ரை இடுப்புக்குத் தெரியும் எண்டு சொன்னனான்." யோகநாதன் சுவரில் சாய்ந்து நின்று குலுங்கினார். விஷயம் முழுதும் தெரியாமலே வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில கழிவில்லை பிள்ளை. முழு நிறைதான்," என்று மலருக்குச் சொன்னார்.

டொக்டர் அம்மா கதை முழுவதையும் கேட்டார். மலரைக் கிடத்தி வயிற்றை அமத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு அன்று வரைந்த அந்தத் தாளைக் கோவையிலிருந்து எடுத்து, ஒடுங்கிய இடத்துக்கு மேல் பேனாவைப் பிடித்தார்.

"வெட்டத் தேவையில்லை. குளிசையையும் கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்பம்."

"வருத்தம் மாறிட்டுதோ டொக்டர் அம்மா?"

"மாறேல்லை. அடங்கிக் கிடக்கு. திரும்பவும் வரலாம். வந்தால் திரும்பவும் பாப்பம்."

யோகநாதன் தாளைப் பார்த்தார். இரஞ்சிதம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்தப் பதில் அவரை உடைத்துவிடும் என்று பயந்தாள். அவர் சாதாரணமாகத் தலையாட்டினார்.

"வாய்க்காலும் அப்பிடித்தான்," என்றார். "ஒருக்காத் தூரெடுத்தால் முடிஞ்சுதெண்டு ஒருத்தரும் வீட்டில இருக்கிறேல்லை. போகத்துக்குப் போகம் நடந்து பாக்கவேணும்."

"அவ்வளவுதான்," என்றார் டொக்டர் அம்மா. "நீங்களே மற்றத் தாய் தகப்பனுக்கும் வந்து சொல்லலாம்."

"சிவப்பரிசி?"

"இன்னும் ஆறு மாதம் பொறுங்கோ. பிறகு ஒரு கரண்டி."

தலையணை ஒருவரும் தலை வைக்காமலே ஊருக்குத் திரும்பியது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மலர் நாலு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். யோகநாதன் சேட்டுப் பையிலிருந்து மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்தார். மூன்றையும் ஒன்றாகக் கடித்தார். "எறும்பு இல்லை," என்றார், கண்ணில் தண்ணீர் வழிய. "யானை." மலர் சிரித்ததில் சொதி மூக்கில் ஏறியது.

வெள்ளிக்கிழமை களஞ்சியத்துக்குப் போனபோது அங்கே நல்லதம்பியும் இருந்தார். கடைசி அறுவடைக்காரர். சனிக்கிழமை வரிசைக்கு முந்திக்கொள்ள ஒரு நாள் முன்னதாகவே மூட்டையைக் கொண்டுவந்து, அதன்மேல் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆண்டியப்பன் படலைக்கே ஓடிவந்தார்.

"புள்ளைய மறிக்கலைங்களா? வெட்டலைங்களா?"

"இல்லை அண்ணை. ஆஸ்பத்திரித் தராசில இருபத்திநாலரை."

"இருபத்திநாலரையா." ஆண்டியப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "நாலு நாளுல ரெண்டு கிலோவா?"

யோகநாதன் மலரின் ஈரப் பின்னலைத் தூக்கி, அதன் நுனியை அவருடைய விரல்களில் வைத்தார்.

ஆண்டியப்பன் பின்னலைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். மெல்லத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நெசமாவே தெரியாதுங்கய்யா. கையி ஈரத்தத் தொட்டா வாய் தானா சொல்லிருதுங்க. தோட்டத்துலயும் மழ நாளுல கொழுந்துக்கு இப்படித்தான். புள்ளைக்கு எட ஏறலியேன்னு நானே மாரியம்மாவுக்கு நேந்துக்கிட்டேனுங்க. நானே கழிச்சிட்டு நானே நேந்திருக்கேன்."

"நேர்ந்ததை விடாதையுங்கோ," என்றார் யோகநாதன். "அவா தந்திட்டா."

"மூணு மாசம் உங்க நெஞ்சுல கல்ல வச்சிட்டேனே."

"ரெண்டு கிலோக் கல்லுத்தானே அண்ணை. இப்ப இறக்கிப்போட்டன். எழும்புங்கோ. நிறுங்கோ."

மலர் தட்டில் ஏறினாள். ஆண்டியப்பன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், எதையும் தொட்டுவிடாதபடி. வலது கையால் குண்டை நகர்த்தினார். கம்பி ஆடி நின்றது. அவருடைய வாய் திறந்தது, மூடியது. இருபத்துமூன்று வருஷமாகப் பழகிய நாக்கு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"இருபத்... தஞ்சு."

மலர் கம்பிக்கு மேலால் எட்டித் தலைகீழாகப் பார்த்தாள். "சரி," என்றாள்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு நல்லதம்பி எழுந்தார். "நல்லது. அப்ப என்ரை நெல்லையும் ஒருக்காப் பிள்ளை எண்டு நினைச்சு நிறுங்கோ பாப்பம்."

"இன்னைக்கு நெல்லு எடுக்கிறதில்லீங்க."

"எடுக்கவேண்டாம். சும்மா நிறுத்துச் சொல்லுங்கோ."

யோகநாதனும் நல்லதம்பியும் மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்தார்கள். ஆண்டியப்பன் குண்டை நகர்த்தினார். எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கை மெல்ல அவிழ்ந்து, சாக்கின் வாய்க்குள் முழங்கை வரை போனது.

"அறுபத்தாறு."

"அறுபத்தெட்டு," என்றாள் மலர், கம்பிக்கு மேலால்.

நல்லதம்பி இடுப்பில் கையை வைத்தார். "பிள்ளை, இனி நெல் நிறுக்கிற நாளெல்லாம் நீ இதில வந்து நிண்டால் போதும்."

"பாப்பா, அது ஈர நெல்லும்மா," என்றார் ஆண்டியப்பன்.

"ஈரமில்லை. குளிர்," என்றார் யோகநாதன்.

"கை பொய் சொல்லாதுங்கய்யா."

"உங்கட கையின்ரை கதையை இனி இந்த ஊரில ஒருத்தரும் நம்பமாட்டினம், அண்ணை."

வாதம் சூடுபிடித்தது. நல்லதம்பி சாக்கிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளிக் காற்றில் காட்டினார். ஆண்டியப்பன் அதில் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துக் காட்டினார். யோகநாதனும் கடிப்பதற்கு ஒரு நெல்லை எடுத்தார்.

"அப்பா," என்றாள் மலர். "பசிக்குது."

யோகநாதன் நெல்லைக் கீழே போட்டார். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, மகளைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்தார். தூக்கும்போது இடுப்பில் சுளுக்கென்று பிடித்தது.